டீசல் காரா, பிளக்-இன் ஹைபிரிட்டா? பிரித்தானியாவில் கார் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

பிரித்தானியாவில் 2014 அளவில் விற்பனையான புதிய கார்களில் ஏறக்குறையப் பாதி டீசல். பத்து ஆண்டுகளில் அது நூற்றுக்கு ஆறு அளவுக்கு இறங்கிவிட்டது. வொல்வோ நிறுவனம் 2024 தொடக்கத்தில் டீசல் கார் செய்வதையே நிறுத்திக்கொண்டது. ஆனால் பாவித்த கார் வாங்கப் போகும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. கலனுக்கு 55, 60 மைல் ஓடும் டீசலை எடுப்பதா, வீட்டிலேயே சார்ஜ் போட்டு ஓடக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட்டை எடுப்பதா? இரண்டுமே நல்ல கார்கள்தான், ஆனால் பொருந்தாத வீட்டுக்குப் போனால் இரண்டுமே பணத்தைத் தின்னும். கடைக்குப் போகுமுன் கீழே உள்ளவற்றை ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

1. காரைப் பார்க்குமுன் வீட்டு வாசலைப் பாருங்கள். பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு முதல் தகுதி உங்கள் வருமானமோ ஓட்டும் தூரமோ அல்ல. இரவில் கார் நிற்கும் இடத்துக்கு மின்சாரம் வருமா என்பதுதான். முன்பக்கத்தில் கார் நிறுத்த இடமோ கராஜோ இருந்தால் பாதிக் கேள்வி தீர்ந்தது. ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத்து வரிசை வீடுகளைப் போல வாசல் நேரே நடைபாதையில் திறக்கிறது, கார் தெருவில் கிடைத்த இடத்தில் நிற்கிறது என்றால் நிலைமை வேறு. நடைபாதைக்குக் குறுக்கே வயர் போடுவதை நீங்களாகச் செய்யக் கூடாது. யாராவது தடக்கி விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில் வரும். நடைபாதையில் சிறு கால்வாய் வெட்டி வயரைப் புதைத்துக் கொண்டுபோக அனுமதிக்கும் கவுன்சில்களும் இருக்கின்றன. உங்கள் கவுன்சிலிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே காரைத் தேடத் தொடங்குங்கள். அடுக்குமாடி வீடென்றால் கட்டட நிர்வாகத்திடம் இதே கேள்வியைக் கேளுங்கள்.

2. ஒரு மாத ஓட்டத்தைக் குறித்து வையுங்கள். வேலைக்கு எத்தனை மைல், பிள்ளைகளின் பள்ளிக்கு எத்தனை, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு எத்தனை, உறவினர் வீட்டுக்கு எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். மொத்த மைலை விட ஒவ்வொரு ஓட்டத்தின் நீளம்தான் இங்கே முக்கியம். ஆண்டுக்கு 10,000 மைல் ஓடும் இருவரில் ஒருவர் நாளுக்கு முப்பது மைலாக ஓடலாம்; மற்றவர் வாரத்துக்கு ஒருமுறை லண்டனிலிருந்து லெஸ்டருக்கு மோட்டார்வேயில் போய் வரலாம். முதலாமவருக்குப் பிளக்-இன் பொருந்தும், இரண்டாமவருக்கு டீசல்.

3. நூறு மைலுக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் கணக்குப் போடும் முறை மாறாது. டீசல் லீற்றர் 1.42 பவுண், பெற்றோல் 1.35 பவுண் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கலன் 4.546 லீற்றர். கலனுக்கு 55 மைல் ஓடும் டீசலுக்கு நூறு மைல் செலவு ஏறக்குறைய 11.70 பவுண். பிளக்-இன் கார்கள் பெரும்பாலும் பெற்றோல் எஞ்சின் கொண்டவை. பற்றரி தீர்ந்ததும் கனமான உடலைச் சுமந்துகொண்டு கலனுக்கு 40 மைல் அளவில் ஓடும். அப்போது நூறு மைலுக்கு 15.30 பவுண் ஆகும். அதே கார் மின்சாரத்தில் ஓடினால், யூனிட்டுக்கு மூன்று மைல் என்றும் சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, நூறு மைலுக்கு 37 யூனிட் அளவு வேண்டும். பகல் இரவு ஒரே விலையான 25 பென்ஸ் கட்டுவோருக்கு அது 9.25 பவுண். இரவு நேரத்துக்கு மட்டும் 8 பென்ஸ் அளவில் தரும் கட்டணத் திட்டத்தில் இருப்போருக்கு 3 பவுண். ஆக, ஒரே காரின் ஒரே நூறு மைலுக்கு 3 பவுணும் ஆகலாம், 15 பவுணும் ஆகலாம். எது ஆகும் என்பது நீங்கள் இரவில் பிளக்கைச் செருகுகிறீர்களா, எந்தத் திட்டத்தில் செருகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

4. இப்போது ஆண்டுக் கணக்கு. 8,000 மைலில் 6,000 மின்சாரத்திலும் 2,000 பெற்றோலிலும் ஓடுகிறது என்று வைப்போம். இரவுக் கட்டணத்தில் ஆண்டுச் செலவு 490 பவுண் அளவு. டீசலுக்கு 940. சாதாரண மின்கட்டணத்தில் பிளக்-இன்னுக்கு 860. சார்ஜே போடாமல் ஓட்டினால் 1,220க்கு மேல். பலர் கவனிக்காத இடம் அந்த 860தான். இரவுத் திட்டம் இல்லாமல் சார்ஜ் போடுபவருக்கு டீசலை விட மிச்சமாவது ஆண்டுக்கு 80 பவுண் மட்டுமே. அதுவும் நிலைக்காது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபடி 2028 ஏப்ரலிலிருந்து பிளக்-இன் ஹைபிரிட்டுக்கு மைலுக்கு 1.5 பென்ஸ் அறவிடப்படும். முழு மின்காருக்கு 3 பென்ஸ். 8,000 மைலுக்கு அது 120 பவுண். அந்த 80 பவுண் மிச்சம் அதில் போய்விடும். ஆகவே பிளக்-இன் வாங்குவதென்றால் ஸ்மார்ட் மீட்டரும் இரவுத் திட்டமும் சேர்த்தே வாங்குகிறீர்கள் என்று நினையுங்கள். அந்தத் திட்டங்கள் சிலவற்றில் பகல் விலை சற்றுக் கூடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள், சலவையையும் பாத்திரம் கழுவும் மெஷினையும் இரவுக்குத் தள்ளினால் சரியாகிவிடும்.

5. விளம்பரத் தாளில் கலனுக்கு 200, 300 மைல் என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சோதனை முறையில் பெரும்பங்கு ஓட்டம் மின்சாரத்தில்தான் என்று எடுத்துக்கொள்வதால் வரும் எண் அது. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் உண்மையான கார்களிலிருந்து திரட்டிய தரவை வெளியிட்டது. டீசல், பெற்றோல் கார்கள் சோதனைக்கூட அளவை விட நூற்றுக்கு 20 அளவு கூடுதலாகப் புகை விட்டன. பிளக்-இன் ஹைபிரிட்கள் விட்டதோ மூன்றரை மடங்கு. கார்களில் பழுது எதுவும் இல்லை. வாங்கியவர்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் போடவில்லை. பற்றரி தீர்ந்த நிலையில் கலனுக்கு எத்தனை மைல் என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.

6. வெளியில் சார்ஜ் போடுவதை நம்பிப் பிளக்-இன் வாங்காதீர்கள். வீட்டு மின்சாரத்துக்கு வற் வரி நூற்றுக்கு 5, பொதுச் சார்ஜருக்கு 20. வேகச் சார்ஜரில் யூனிட் 75 பென்ஸ் என்றால் நூறு மைலுக்கு 25 பவுணுக்கு மேல் போகும். மேலே சொன்ன விலைகளில், யூனிட் 41 பென்ஸைத் தாண்டியதும் அந்தக் காருக்குப் பெற்றோலே மலிவு. அதோடு, பெரும்பாலான பிளக்-இன்கள் வேகச் சார்ஜரை ஏற்பதும் இல்லை, அவற்றில் 3.6 அல்லது 7 கிலோவாட் வேகத்தில்தான் ஏறும். கடைக்குப் போகும் இடத்தில் இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

7. நகரத்துக்குள் மட்டும் ஓடுபவர் டீசலைத் தொடவே வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மலிவாகக் கிடைக்கிறது, கலனுக்கு நிறைய ஓடுகிறது என்று நம்மவர் பலர் வாங்குவது இதைத்தான். 2009க்குப் பின் வந்த டீசல் கார்களில் பெரும்பாலானவற்றின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும்; மெக்கானிக்குகள் டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை அது அவ்வப்போது உயர் வெப்பத்தில் எரித்துத் தள்ள வேண்டும். அதற்குக் கார் பதினைந்து இருபது நிமிடமாவது மணிக்கு 40 மைலுக்கு மேல் நிற்காமல் ஓட வேண்டும். பள்ளிக்கு ஒன்றரை மைல், கடைக்கு இரண்டு மைல், நடுவில் பத்து சிக்னல் என்று ஓடும் காருக்கு அந்த வாய்ப்பே வராது. எரிப்பு பாதியில் நின்றுபோகும்போது டீசல் எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் மட்டம் ஏறும். பிறகு மஞ்சள் விளக்கு எரியும், அதற்குப் பிறகு கார் வேகம் எடுக்காது. வடிகட்டியை மாற்றப் போனால் ஆயிரம் பவுணுக்கு மேல் கேட்பார்கள். எரிபொருளில் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு நாளில் போய்விடும்.

8. அந்த வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் கராஜ்காரரின் பேச்சைக் கேட்காதீர்கள். அது சட்டவிரோதம். 2014 பெப்ரவரியிலிருந்து எம்.ஓ.டி. சோதனையில் வடிகட்டி இல்லாத கார் நேரே தோற்கும். வீதியில் ஓட்டினால் 1,000 பவுண் வரை தண்டம்.

9. புதுவகை டீசல் கார்களுக்கு அட்புளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும். யூரியாவைத் தண்ணீரில் 32.5 வீதம் கரைத்த கரைசல் அது. நச்சுப் புகையைக் குறைக்க உதவுகிறது. தொட்டி முற்றிலும் காய்ந்தால் கார் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, ஆகவே எச்சரிக்கை வந்தவுடனே ஊற்றுங்கள். மூடி பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். தவறி டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல், காரை இழுத்துச் செல்ல ஆளைக் கூப்பிடுங்கள்.

10. வட்டாரக் கட்டணங்களை வாகன இலக்கத்தைப் போட்டுச் சரிபாருங்கள். புகை கூடிய கார்களுக்கு நாள் கட்டணம் அறவிடும் லண்டனின் யூலெஸ் வலயம் 2023 ஓகஸ்ட் 29 முதல் எல்லா பரோக்களையும் உள்ளடக்கியது. ஹரோ, குறொய்டன், ஹவுன்ஸ்லோ எதுவும் தப்பவில்லை. யூரோ 6 என்ற புகைத் தரத்துக்குக் குறைந்த டீசலை எடுத்தால் ஓட்டும் நாளெல்லாம் 12.50 பவுண். 2015 செப்டெம்பருக்குப் பின் பதிவான டீசல் பொதுவாக யூரோ 6. ஆனாலும் சோதித்தே வாங்குங்கள். பெற்றோல் எஞ்சின் உள்ள பிளக்-இன் எல்லாமே யூலெஸ் கட்டணத்திலிருந்து தப்பும் வயதினவை. பேர்மிங்காமில் தரமற்ற காருக்கு நாளுக்கு 8 பவுண், பிரிஸ்டலில் 9. கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களில் கட்டணம் செலுத்திவிட்டு நுழையும் வழியே இல்லை, நுழைந்தால் தண்டம்தான். மத்திய லண்டன் நெரிசல் கட்டணம் வேறு கணக்கு: 2026 ஜனவரி முதல் நாளுக்கு 18 பவுண், டீசலுக்கும் பிளக்-இன்னுக்கும் ஒன்றேதான். பிளக்-இன்னுக்கு அங்கே கிடைத்த சலுகை 2021 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. இதைத் தெரியாமல் இன்னும் சலுகை உண்டென்று விற்பவர்கள் இருக்கிறார்கள்.

11. லண்டனில் மினிகாப் ஓட்டுபவருக்கு யோசனையே தேவையில்லை. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து முதன்முறை உரிமம் பெறும் எந்த மினிகாப்பும் புகையின்றி ஓரளவு தூரம் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். பிளக்-இன் ஹைபிரிட் இந்த விதிக்குள் வரலாம். டீசல் எவ்வளவு புதியதானாலும் வராது. வாங்க நினைக்கும் குறிப்பிட்ட மொடல் ஏற்கப்படுமா என்று, உரிமம் வழங்கும் லண்டன் போக்குவரத்து அமைப்பிடம் (டி.எஃப்.எல்.) கேட்ட பின் முற்பணம் கொடுங்கள்.

12. வீதி வரியில் பெரிய வேறுபாடு இல்லை. 2017 ஏப்ரலுக்குப் பின் பதிவான கார்களுக்கு 2025-26 ஆண்டில் வரி 195 பவுணாக இருந்தது. ஹைபிரிட்டுக்கு முன்பு இருந்த 10 பவுண் கழிவும் 2025 ஏப்ரலில் போய்விட்டது. பட்டியல் விலை 40,000 பவுணைத் தாண்டிய கார் என்றால் இரண்டாம் ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்கு மேல்வரியும் உண்டு; 2025-26 இல் அது 425 பவுண். பிளக்-இன் கார்கள் பல அந்த எல்லையைத் தாண்டியவை என்பதால், மூன்று வயதுக் காரை நீங்கள் 24,000க்கு வாங்கினாலும் அந்த மேல்வரி உங்கள் பேருக்கு வரும். கம்பனி கொடுக்கும் கார் என்றால் கதை வேறு. பிளக்-இன்னுக்கு வருமான வரிச் சுமை டீசலை விட வெகு குறைவு.

13. மூன்று முள் பிளக்கில் சார்ஜ் போடலாம், ஆனால் கவனமாக. 2.3 கிலோவாட் அளவில் ஏறும். 13 யூனிட் பற்றரி ஆறு ஏழு மணி நேரத்தில் நிரம்பிவிடும். இரவுக்கு அது போதும். ஆனால் நீட்டு வயர் போட்டு ஜன்னல் வழியாக இழுக்கவே கூடாது. சுருட்டி வைத்த வயர் மணிக்கணக்கில் சூடேறி உருகும். பழைய வீடென்றால் மின்பணியாளரை அழைத்து அந்த சொக்கெற்றையும் அதற்கு வரும் வயரையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் சுவரில் பொருத்தும் 7 கிலோவாட் சார்ஜருக்கு ஆயிரம் பவுண் அளவு ஒதுக்குங்கள். வாடகை வீட்டுக்காரர் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும்.

14. பாவித்த பிளக்-இன் பார்க்கப் போகும்போது முதலில் சார்ஜ் வயரைக் கேளுங்கள். வரிச் சலுகைக்காகக் கம்பனிகள் வாங்கிய கார்கள் சிலவற்றில் அந்த வயர் உறை பிரிக்காமலே மூன்று ஆண்டு கிடந்தது இங்கே பலருக்கும் தெரிந்த செய்தி. அப்படியானால் எஞ்சின் முழுப் பாரத்தையும் சுமந்திருக்கிறது என்று பொருள். காரை முழுதாகச் சார்ஜ் செய்து வைக்கச் சொல்லி, மின்சாரத்தில் மட்டும் எவ்வளவு போகிறது என்று ஓட்டிப் பாருங்கள். மிற்சுபிஷி அவுட்லாண்டர் 2014 இல் இங்கே வந்தபோது 12 யூனிட் பற்றரியோடு 32 மைல் போகும் என்றார்கள். குளிர்காலத்தில் அது எட்டாத எண். டொயோட்டா ராவ்4 பிளக்-இன் 18 யூனிட் பற்றரியோடு 46 மைல் என்ற சோதனை எண் கொண்டது. புதிய கோல்ஃப், பசாட், சூப்பர்ப் பிளக்-இன்களின் சோதனை எண் 80 மைலைத் தாண்டுகிறது. வசதி இருந்தால் அந்தப் பெரிய பற்றரிக் கார்களில் ஒன்றை எடுங்கள். வாரம் முழுக்கப் பெற்றோல் பக்கம் போக வேண்டியிராது. பற்றரி உத்தரவாதம் பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 100,000 மைல். எத்தனை மாதம் மீதி என்பதைக் கணக்கில் எடுத்தே பேரம் பேசுங்கள்.

15. பாவித்த டீசல் என்றால் 2019 செப்டெம்பருக்குப் பின் பதிவானதைத் தேடுங்கள். 2015 செப்டெம்பரில் வோக்ஸ்வாகன் சோதனையை ஏமாற்றியது வெளிவந்த பின், காரை வீதியில் ஓட்டிப் புகையை அளக்கும் முறை வந்தது. 2019 செப்டெம்பரிலிருந்து புதிதாகப் பதிவான ஒவ்வொரு காரும் அதில் தேற வேண்டியிருந்தது. அரசு இணையத்தளத்தில் எம்.ஓ.டி. வரலாறு இலவசமாகக் கிடைக்கும். ஆண்டுக்கு மூவாயிரம் நாலாயிரம் மைல் மட்டுமே ஓடிய டீசலை, குறைந்த மைல் என்று மகிழ்ந்து வாங்காதீர்கள். ஏழாம் குறிப்பில் சொன்ன கரி அதற்குள் சேர்ந்திருக்கக்கூடும். மோட்டார்வேயில் ஆண்டுக்குப் பதினையாயிரம் ஓடி, நேரத்துக்கு ஒயில் மாற்றிய காரே மேல்.

16. டிக்கியைத் திறந்து குழந்தை வண்டியை வைத்துப் பாருங்கள். பிளக்-இன் பலவற்றில் பற்றரி அடியில் இருப்பதால் டிக்கி ஆழம் குறையும், மாற்றுச் சில்லும் இருக்காது. எடை 200, 300 கிலோ கூடுதல் என்பதால் ரயரும் சற்று விரைவில் தேயும். பாரம் இழுப்பவருக்கும், கோடை விடுமுறையில் குடும்பத்தோடு பிரான்ஸ், ஜெர்மனி என்று நெடுந்தூரம் ஓட்டுபவருக்கும் டீசல் இன்னும் நல்ல துணை.

17. பிளக்-இன் வாங்கிவிட்டால் இப்படி ஓட்டுங்கள். நெடும் பயணத்தில் மோட்டார்வேயில் பற்றரியைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தி, ஊருக்குள் நுழைந்த பின் மின்சாரத்தைச் செலவிடுங்கள். எஞ்சினைக் கொண்டு பற்றரியை ஏற்றும் பொத்தான் சில கார்களில் இருக்கும்; அது பெற்றோலை வீணாக்கும். குளிர்காலக் காலையில் பிளக்கில் இருக்கும்போதே காரைச் சூடாக்கி வையுங்கள். இல்லாவிட்டால் சில கார்களில் ஹீற்றருக்காகவே எஞ்சின் ஓடத் தொடங்கும். மாதம் ஒருமுறையாவது எஞ்சினை நன்றாகச் சூடேறும் வரை ஓட விடுங்கள். தொட்டியில் பெற்றோல் பழையதாகக் கிடப்பது நல்லதல்ல.

18. பிள்ளைகளின் மூச்சையும் கணக்கில் சேருங்கள். தென்கிழக்கு லண்டனின் லூவிஷாமில், நெரிசலான சுற்றுவீதிக்கு அருகில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் 2013 இல் இறந்தாள். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அவள் இறப்புக்குக் காரணம் என்று பதிவு செய்தார். இந்த நாட்டில் அப்படிப் பதிவானது அதுவே முதல் தடவை. பள்ளி வாசலில் எஞ்சினை ஓடவிட்டபடி பிள்ளைக்காகக் காத்திருக்கும் டீசல் காரின் புகை போவது நம் பிள்ளைகளின் முக உயரத்துக்குத்தான். எந்தக் கார் வைத்திருந்தாலும் அங்கே எஞ்சினை நிறுத்துங்கள். சார்ஜ் ஏறிய பிளக்-இன் அந்த ஒன்றரை மைலைப் புகையே விடாமல் முடிக்கும் என்பது அதன் பக்கம் இருக்கும் பெரிய நியாயம்.

19. வீட்டில் சார்ஜ் போட வழியும் இல்லை, வாரத்தில் ஒரு நீண்ட மோட்டார்வே ஓட்டமும் இல்லை என்றால் இரண்டையும் விடுங்கள். பிளக் தேவைப்படாத சாதாரண பெற்றோல் ஹைபிரிட்டை எடுங்கள். டொயோட்டா யாரிஸ், கொரோலா போன்றவை நகரத்துக்குள் கலனுக்கு 50 மைலுக்கு மேல் ஓடும். டீசல் வடிகட்டித் தொல்லையும் இல்லை, வயர்த் தொல்லையும் இல்லை. வாசலில் பிளக் இருந்து, நாளுக்கு முப்பது நாற்பது மைலுக்குள் ஓடுபவர் இரவுத் திட்டத்தோடு பிளக்-இன் எடுக்கலாம். வாரந்தோறும் மோட்டார்வேயில் நெடுந்தூரம் ஓடுபவர் 2019க்குப் பிந்திய டீசல் எடுக்கலாம். 2030க்குப் பின் புதிய டீசல் கார் விற்க முடியாது, ஹைபிரிட்டுக்கு 2035 வரை அவகாசம் உண்டு. ஏற்கனவே வீதியில் ஓடும் கார்களுக்கு இந்தத் தடை இல்லை. அதனால் விற்பவரின் அவசரத்துக்கு முற்பணம் கட்டாதீர்கள். முதலில் மின்கட்டணப் பட்டியலையும், ஒரு மாத மைல் குறிப்பையும் மேசையில் வைத்துக் குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.